டிக்கெட் இல்லாத புலி

வண்டலூரில் இரண்டு வகைப் புலி உண்டு. ஒன்றைப் பார்க்க வரிசையில் நின்று டிக்கெட் எடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை போனால் அதுவும் முடியாது, பூங்காவுக்கு விடுமுறை. இன்னொன்றுக்கு டிக்கெட் கிடையாது. வருஷா வருஷம் அக்டோபர் கடைசியில் பெருங்களத்தூர் பக்கமிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வரும், பூங்கா வாசலைக் கடந்து, கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் தாண்டித் தெற்கே போய்விடும். சிக்னலில் நிற்பவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்துப் பழகிவிட்டது. அந்தப் புலியின் கதை மாஸ்கோவில் தொடங்கியது, புலியே இல்லாத ஒரு படத்தில்.

1918. புரட்சி நடந்த பிறகு வந்த முதல் மே தினம். மாஸ்கோவின் ஒரு பகுதிக்குத் தோரணம் கட்டி அலங்கரிக்கும் பொறுப்பு எவ்கேனி கம்சோல்கின் என்ற ஓவியருக்கு வந்து சேர்ந்தது. அவர் கட்சிக்காரரே அல்ல, பக்திமான். ஆலைத் தொழிலாளியையும் வயல்காட்டு உழவனையும் ஒரே படத்தில் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் அவருடைய கவலை. சுத்தியலையும் அரிவாளையும் குறுக்காகப் போட்டார். தெரு அலங்காரத்துக்கு வரைந்தது, சில மாதங்களில் அரசாங்க முத்திரைக்கே ஏறிவிட்டது. அந்த அரிவாளின் பக்கத்தில் ஒரு காலத்தில் எது வந்து நிற்கப்போகிறது என்று கம்சோல்கின் கனவிலும் கண்டிருக்க முடியாது.

இத்தாலியில் அதற்கு முன்பே வேறொரு கூத்து தொடங்கியிருந்தது. மிலான் நகரத்தில் 'அவந்தி' என்றொரு நாளிதழ். சோஷலிஸ்ட் கட்சியின் ஏடு. அவர்கள் மொழியில் 'அவந்தி' என்றால் 'முன்னே!' என்று அர்த்தம். (இந்த 'முன்னே' கதையில் மறுபடியும் வரும்.) 1912 கடைசியில் அதன் ஆசிரியர் நாற்காலியில் 29 வயது இளைஞர் ஒருவர் உட்கார்ந்தார். கொல்லுப்பட்டறைக்காரர் மகன். அப்பா பழுத்த சோஷலிஸ்ட். மெக்சிகோவின் பெனிட்டோ ஹுவாரஸ் மேல் இருந்த பிரியத்தில் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தவர். மகன் மன்னரைத் திட்டினார், பாதிரியாரைத் திட்டினார், ராணுவத்தைத் திட்டினார். பத்திரிகை விற்பனை மளமளவென்று ஏறியது. 1914-ல் உலகப் போர் வெடித்தது. அதுவரை போர் வேண்டாம் என்று எழுதிய அதே பேனா, இத்தாலி போரில் குதிக்க வேண்டும் என்று எழுத ஆரம்பித்தது. நவம்பரில் கட்சி அவரை வெளியே தள்ளியது. அதற்குள் அவர் சொந்தப் பத்திரிகை தொடங்கிவிட்டிருந்தார். அதன் தலைப்புக்குக் கீழே 'சோஷலிஸ்ட் நாளேடு' என்றே போட்டுக்கொண்டார். அந்த ஆசிரியரின் முழுப்பெயர் பெனிட்டோ முசோலினி.

1919 மார்ச் 23 அன்று மிலானின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில் அவர் ஒரு கூட்டம் போட்டார். வந்தவர்கள் சொற்பம். புது இயக்கத்துக்கு ஒரு பெயர் வேண்டும். 'பாஷோ' என்றால் கட்டு. விறகுக்கட்டு, புல்லுக்கட்டு என்கிறோமே, அந்தக் கட்டு. 1890-களில் சிசிலித் தீவின் ஏழை விவசாயிகளும் தொழிலாளிகளும் தங்கள் சங்கங்களுக்கு வைத்திருந்த பெயர் அது. இடதுசாரி வீட்டுப் பெயரை எடுத்துத் தன் வாசலில் மாட்டிக்கொண்டார் முசோலினி. பாசிசம் என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான். திட்டத்திலும் குறைவில்லை: எட்டு மணி நேர வேலை, பெண்களுக்கு ஓட்டு, போரில் கொள்ளை லாபம் பார்த்தவர்களிடமிருந்து பறிமுதல். நவம்பர் தேர்தலில் மிலான் மக்கள் படுதோல்வியைக் கொடுத்தார்கள். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பழைய தோழர்கள் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். முசோலினியின் அரசியலுக்கு இறுதிச் சடங்கு. பெட்டி காலி என்பதை மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் போ ஆற்றுச் சமவெளியில் கூலி விவசாயிகளின் சங்கங்கள் வலுத்தன. நிலக்காரர்களுக்குத் தூக்கம் போனது. அவர்களுடைய பணமும் லாரியும் முசோலினியின் கறுப்புச் சட்டைக்காரர்களுக்கு வந்து சேர்ந்தன. எரிந்தவை சங்கக் கட்டடங்கள், கூட்டுறவுக் கடைகள், சோஷலிஸ்ட் அச்சகங்கள். முசோலினி ஒரு காலத்தில் உட்கார்ந்து எழுதிய 'அவந்தி'யின் மிலான் அலுவலகத்தை 1919 ஏப்ரலிலேயே கொளுத்திவிட்டிருந்தார்கள். 1922 அக்டோபரில் ஆட்சி கைக்கு வந்தது. 1924-ல் சோஷலிஸ்ட் எம்.பி. மத்தியோத்தி கடத்திக் கொல்லப்பட்டார். 1926-ல் கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்ஷி சிறைக்குப் போனார்.

பாசிசத்துக்கும் இடதுசாரிக்கும் என்ன உறவு என்று அறிஞர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். இடதுசாரிச் சிந்தனையின் ஒரு கிளை தேசியவெறியோடு கலந்ததில்தான் பாசிசம் முளைத்தது என்று வாதாடினார் இஸ்ரேலிய வரலாற்றாசிரியர் ஜீவ் ஸ்டெர்ன்ஹெல். முதலாளிகள் பயந்துபோய் அமர்த்திக்கொண்ட அடியாள் அது என்பது மார்க்சியர்களின் பழைய பதில். சவப்பெட்டி ஊர்வலத்தையும் எரிந்த அச்சகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: பிறந்த வீடு எதுவாகவும் இருக்கட்டும், கைகால் முளைத்ததும் பிள்ளை முதலில் கொளுத்தியது அந்த வீட்டைத்தான். ஆனால் கல்கத்தாவில் ஒருவர் இந்தச் செய்திகளை எல்லாம் வேறு கண்ணோடு வாசித்துக்கொண்டிருந்தார்.

அவர் ஐ.சி.எஸ். தேறியும் அந்த வேலையை உதறிவிட்டு வந்தவர். சித்தரஞ்சன் தாஸ் நடத்திய நாளிதழில் பொறுப்பு வகித்தவர். அந்த நாளிதழின் பெயர் 'பார்வர்டு'. மறுபடியும் 'முன்னே'! 1930-ல் கல்கத்தா மேயராக உட்கார்ந்தபோது நகராட்சியின் வேலைத்திட்டத்தைப் பற்றிப் பேசினார். குப்பை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று போன பேச்சு திடீரென்று ஐரோப்பாவுக்குத் தாவியது. சோஷலிசத்தின் சமத்துவம், பாசிசத்தின் கட்டுப்பாடும் செயல்திறனும், இரண்டும் சேர்ந்த ஒன்றுதான் தாம் விரும்புவது என்று சொல்லிவைத்தார் மேயர் சுபாஷ் சந்திர போஸ். சாக்கடை வேலை நேரத்துக்கு முடிந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்த கவுன்சிலர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எதிர்க்குரல் பிறகு அலகாபாத்துக்காரர் ஒருவரிடமிருந்து வந்தது.

1933 டிசம்பரில் ஜவஹர்லால் நேரு ஓர் அறிக்கை விட்டார். இன்றைய உலகில் கம்யூனிசம் ஒரு பக்கம், பாசிசம் ஒரு பக்கம், நடுப்பாதை கிடையாது, தாம் கம்யூனிச லட்சியத்தின் பக்கம் என்றார். போஸ் அப்போது உடம்பு தேறுவதற்காக வியன்னாவில் இருந்தார். 1934-ல் அங்கே எமிலி ஷெங்கல் என்ற இளம்பெண் தட்டச்சு செய்ய, இந்தியப் போராட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நேருவின் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு, அது அடிப்படையிலேயே தப்பு என்று வாதாடினார். இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைக் கலந்து புதிதாக ஒன்றை இந்தியா சமைக்கும். அதன் பெயர் 'சாம்யவாதம்'. 1935 ஜனவரியில் லண்டனில் விஷார்ட் என்ற பதிப்பகம் அதை வெளியிட்டது. மறு வருஷமே அந்தப் பதிப்பகம் இன்னொன்றோடு இணைந்து பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளின் பதிப்பகமாகிவிட்டது என்பது காலம் செய்த குறும்பு. இந்தியாவில் புத்தகத்துக்குத் தடை. ஒரு பிரதி மட்டும் ரோமாபுரிக்குப் போனது. போஸே நேரில் கொண்டுபோய் முசோலினியின் கையில் கொடுத்தார்.

அதே முசோலினி 1936-ல் நேருவையும் பார்க்க ஆசைப்பட்டார். மனைவி கமலா இறந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. நேருவின் விமானம் ரோமில் நிற்கிறது. அதிகாரிகள் வந்து வற்புறுத்துகிறார்கள். நேரு மறுத்துவிட்டார். அதற்கு முந்தைய அக்டோபரிலேயே இத்தாலியப் படை அபிசீனியாவுக்குள் புகுந்துவிட்டிருந்தது. போஸுக்கும் உறைத்தது. 1938 ஜனவரியில் லண்டனில் கம்யூனிஸ்ட் ரஜனி பாமி தத்துக்குக் கொடுத்த பேட்டியில், தாம் அந்தப் புத்தகத்தை எழுதிய காலத்தில் பாசிசம் நாடு பிடிக்கக் கிளம்பியிருக்கவில்லை, முனைப்பான தேசியவாதமாகவே தமக்குத் தெரிந்தது, வார்த்தை சரியாக அமையவில்லை என்று விளக்கினார். இடதுசாரிகள் முகத்தில் நிம்மதி. விவகாரம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

1939 ஜனவரி 29. காங்கிரஸ் தலைவர் தேர்தல். காந்தியின் வேட்பாளர் பட்டாபி சீதாராமையாவை எதிர்த்து நின்ற போஸ் ஜெயித்துவிட்டார். ஜெயித்தவரை நிம்மதியாக உட்காரவிடவில்லை. திரிபுரி மாநாட்டில், இடதுசாரி என்று அவர் நம்பியிருந்த காங்கிரஸ் சோஷலிஸ்டுகளே முக்கியமான தீர்மானத்தில் நடுநிலை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். ஏப்ரலில் ராஜினாமா. மே 3-ம் தேதி காங்கிரசுக்குள்ளேயே புதிய அணி ஒன்றை அறிவித்தார். இடதுசாரிகள் எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டுவருவதுதான் நோக்கம். பழைய நாளிதழின் பெயர் இங்கேயும் முளைத்தது: பார்வர்டு பிளாக். அணிக்கு ஆள் சேர்க்க நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தவர் செப்டம்பர் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

செப்டம்பர் 3, மாலை. கடற்கரை மணலில் கூட்டம். தம் வாழ்நாளில் பேசிய கூட்டங்களிலேயே அதுதான் பெரியது, இரண்டு லட்சம் பேர் இருந்தார்கள் என்று போஸ் பிற்பாடு எழுதினார். பேசிக்கொண்டே இருக்கிறார். கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் மாலைப் பத்திரிகையை நீட்டுகிறார். வாங்கிப் பார்க்கிறார். ஜெர்மனி மீது பிரிட்டன் போர் அறிவித்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அவர் காத்திருந்த செய்தி, மெரினாக் காற்றில் படபடக்கும் ஒரு தாளில் வந்து சேர்ந்தது. இன்னொரு விசித்திரம்: அதற்குப் பதினோரு நாள் முன்னால்தான் ஹிட்லரும் ஸ்டாலினும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அரிவாளும் ஸ்வஸ்திகாவும் கைகுலுக்கிய அந்த வாரங்களில், போஸின் கலவை பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்காது.

மூன்று நாள் கழித்து மதுரை. அங்கே வரவேற்புக்குக் கூட்டத்தைத் திரட்டியவருக்கு அப்போது 30 வயது. 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக ராமநாதபுரம் ராஜாவையே தோற்கடித்தவர்; மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கங்களுக்குத் தலைமை தாங்கி, வேலைநிறுத்தத்துக்காகச் சிறை சென்றவர். பெயர் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர். போஸின் அணி தமிழ்நாட்டில் வேர் பிடித்த இடம் அதுதான். போஸ் அதன் பிறகு மதுரைக்கு வரவில்லை.

1941 ஜனவரியில் கல்கத்தா வீட்டுக் காவலிலிருந்து அவர் மாயமானார். தாடி, முகமது ஜியாவுதீன் என்ற பெயர், அண்ணன் மகன் ஓட்டிய கார். பெஷாவருக்கு அப்பால் பாஷை தெரியாது என்பதால் ஊமைச் செவிடனாக நடித்தார். மலைப்பாதையில் காபூல் வரை கூட்டிக்கொண்டு போன பகத்ராம் தல்வார், கீர்த்தி கட்சியைச் சேர்ந்த இடதுசாரி. போகத் திட்டமிட்ட இடமும் மாஸ்கோதான்! காபூல் பனியில் சோவியத் தூதரகத்தின் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள், திறக்கவில்லை. கடைசியில் திறந்தது இத்தாலியர்களின் கதவு. ஓர்லாண்டோ மஸோட்டா என்ற பெயரில் பாஸ்போர்ட் கிடைத்தது. சோவியத் மண் வழியாகவே ரயிலில் போனார், ஆனால் இறங்கியது பெர்லினில், ஏப்ரல் 2-ம் தேதி. காபூலில் ஒரு கதவு திறந்திருந்தால் இந்தக் கதைக்குப் புலியே தேவைப்பட்டிருக்காது.

ஜூன் 22-ம் தேதி ஹிட்லரின் படை சோவியத்துக்குள் புகுந்தது. போஸ் போட்ட கணக்கு ஒரே இரவில் உடைந்தது. சமைக்க நினைத்த இரண்டு சரக்கும் இப்போது ஒன்றையொன்று கொன்றுகொண்டிருந்தன. திரும்பிப் போக வழியில்லை. வட ஆப்பிரிக்காவில் பிடிபட்ட இந்தியப் போர்க் கைதிகளைக் கொண்டு ஒரு படைப்பிரிவைக் கட்டினார். சுமார் 3,000 பேர். ஜெர்மன் ராணுவச் சட்டை, ஹிட்லர் பெயரையும் சொல்லி எடுத்த உறுதிமொழி. அந்தச் சட்டையின் வலது கையில் மட்டும் ஒரு சின்னத் துணிப்பட்டை தைக்கப்பட்டது: காவி, வெள்ளை, பச்சை. காங்கிரஸ் கொடியில் ராட்டை இருந்த இடத்தில் காந்தியின் ராட்டை இல்லை. திப்பு சுல்தானின் நினைவாக ஒரு புலி, பாய்கிற கோலத்தில்.

பெர்லினில் போஸ் கைகட்டி நிற்கவில்லை. 1942 மே கடைசியில் ஹிட்லரைச் சந்தித்தபோது, அவருடைய புத்தகத்தில் இந்தியர்களை இழிவாக எழுதியதை நேரிலேயே கிளப்பினார். அது அவர் துணிச்சல். யூதர்களுக்கு அங்கே நடந்துகொண்டிருந்ததைப் பற்றி அவர் பொதுவில் வாய்திறக்கவில்லை என்ற குறையும் அழியாமல் நிற்கிறது. இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பவர்களுக்கு முள் எந்தப் பக்கமும் அசைவதில்லை. அதே 1942-ல் சென்னையிலும் புலிகள் சம்பந்தமான ஒரு காரியம் நடந்தது.

ஏப்ரல் 5-ல் கொழும்பில் ஜப்பானிய குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது சென்னைதான் என்று நகரம் காலியாகத் தொடங்கியது. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்தது மிருகக்காட்சி சாலை. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு யார் வருவார்கள்? மலபார் சிறப்புப் போலீசாரை வரவழைத்தார்கள். புலி, சிங்கம், சிறுத்தை என்று ஆபத்தானவை எல்லாம் கூண்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டன. ஜெர்மனியில் துணியில் ஒரு புலி பாயத் தயாராகிக்கொண்டிருந்த மாதங்களில், ஜெர்மனியின் கூட்டாளியான ஜப்பானுக்குப் பயந்து சென்னையின் நிஜப் புலிகள் செத்தன. அந்த மிருகக்காட்சி சாலைதான் 1985-ல் வண்டலூருக்குக் குடிவந்தது. பூங்காவுக்கு வெளியே போகும் புலிக்கும் உள்ளே இருக்கும் புலிக்கும் இப்படி ஒரு பழைய பாக்கி உண்டு.

கம்யூனிஸ்டுகள் சும்மா இருப்பார்களா? சோவியத் தாக்கப்பட்டதும் அவர்களுக்கு இது மக்கள் போர் ஆகிவிட்டது. 1942 ஜூலையில் கட்சி மீதான தடை நீங்கியது. அவர்களுடைய பத்திரிகையில் போஸ் ஜப்பானியரின் கையாளாகக் கேலிச்சித்திரம் ஆனார். 1939-ல் ஒரே குடைக்குள் உட்கார்ந்து பேசியவர்கள் மூன்றே வருஷத்தில் பாசிஸ்ட் என்றும் துரோகி என்றும் ஏசிக்கொண்டார்கள். தென்சென்னைக்காரர்களுக்கு இடதுசாரி என்றதும் நினைவுக்கு வருவது தாம்பரத்துக் குடிசையில் வாழ்ந்த ஜீவாவும், அவரைத் தேடிக் காமராஜர் அங்கே போன கதையும்தான். அந்த அன்பான சித்திரத்துக்குப் பின்னால் நாற்பதுகளின் இந்தக் கசப்பும் கிடக்கிறது. அந்தக் கசப்புக்கு மருந்து பிறகு எதிர்பாராத ஒரு கையிலிருந்து வந்தது, ஒரு சென்னை டாக்டரின் கையிலிருந்து.

லட்சுமி சுவாமிநாதன் 1938-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். சிங்கப்பூரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். 1943-ல் போஸ் நீர்மூழ்கிக் கப்பலில் மூன்று மாதம் பயணம் செய்து கிழக்கே வந்து சேர்ந்ததும், ஜான்சி ராணி படை என்ற பெண்கள் படைக்கு லட்சுமி தலைவியானார். மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் துப்பாக்கி பிடித்தார்கள். போஸின் பழைய கலவை ஆசையும் போகவில்லை; 1944 நவம்பரில் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேசியபோது, தேசிய சோஷலிசத்துக்கும் கம்யூனிசத்துக்கும் நடுவே ஒரு சேர்க்கைதான் இந்தியாவின் வழி என்று மறுபடியும் சொன்னார். லண்டனில் 1938-ல் கொடுத்த விளக்கம் எங்கே போனதோ! ஒன்பதே மாதத்தில் எல்லாம் முடிந்தது. 1945 ஆகஸ்ட் 18, தைபே விமான விபத்து. சிங்கப்பூர் டாக்டரோ கேப்டன் லட்சுமியாகத் தாயகம் திரும்பினார்.

தலைவர் இல்லாத பார்வர்டு பிளாக் கட்சியில் சுதந்திரம் வந்ததும் சண்டை வந்தது. நேதாஜியின் வழியே போதும் என்றது ஒரு சாரார். மார்க்சியம்தான் வழி என்றது இன்னொரு சாரார். 1948-ல் கட்சி இரண்டானது. மார்க்சியச் சாய்வு கொண்டவர்கள் கை ஓங்கிய பிறகு மூவர்ணம் இருந்த இடத்தில் செந்துணி வந்தது. செங்கொடி என்றால் அரிவாள் சுத்தியல் வேண்டாமா? வந்தது. நேதாஜி கட்சி என்றால் புலி? அதை எப்படி விடுவது? அதுவும் வந்து பாய்ந்தது. கம்சோல்கின் மாஸ்கோ தெருவுக்கு வரைந்த அரிவாளும், அந்த மாஸ்கோவைப் பிடிக்கப் போன ராணுவத்தின் சட்டைக் கையில் தைத்திருந்த புலியும் ஒரே துணியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. உலகத்தில் வேறெந்தக் கட்சிக் கொடிக்கும் இப்படி ஒரு சம்பந்தி விருந்து வாய்த்திருக்குமா என்பது சந்தேகம். இந்தத் தொடர்கதையின் அடுத்த அத்தியாயம் அதைவிட வேடிக்கை.

1977-ல் மேற்கு வங்கத்தில் இடது முன்னணி ஆட்சிக்கு வந்தது. மார்க்சிஸ்ட் கட்சியோடு தோளோடு தோளாக அமைச்சரவையில் உட்கார்ந்தது பார்வர்டு பிளாக். 2011 வரை, 34 வருஷம். போஸைப் பற்றிய பழைய மதிப்பீடு தப்பு என்று மார்க்சிஸ்ட் தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். கேப்டன் லட்சுமி 1971-லேயே மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்துவிட்டிருந்தார்; 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகளின் வேட்பாளராக நின்றார். ஜப்பான் உதவியோடு கட்டிய படையின் கேப்டன் செங்கொடியின் வேட்பாளர்! இதற்கு எந்தச் சித்தாந்தப் பாடநூலிலும் அத்தியாயம் கிடையாது.

தமிழ்நாட்டில் புலி வேறு பாதையில் போனது. தேவர் 1952-லும் 1957-லும் நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டுக்கும் ஜெயித்தார். 1963 அக்டோபர் 30-ல், தம் பிறந்த நாளன்றே மறைந்தார். அதன் பிறகு தெற்கே அந்தக் கொடி ஒரு சித்தாந்தத்தின் கொடி என்பதைவிட ஒரு சமூகத்தின் அடையாளமாக, ஒரு மனிதரின் நினைவாகவே அதிகம் பறந்தது. சாம்யவாதம் என்ற சொல் உசிலம்பட்டிச் சந்தையில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும்? நடுவில் நடிகர் கார்த்திக் சில காலம் மாநிலத் தலைமையில் இருந்துவிட்டுப் போனார். இன்னொன்று: கொடியில் புலி வைத்திருக்கும் கட்சிக்குத் தேர்தல் சின்னம் சிங்கம். வண்டலூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது, இரண்டும் ஒரே வளாகத்தில் இருப்பவைதானே.

கதை அத்தோடு நிற்கவில்லை. 2022 ஏப்ரலில் புவனேஸ்வரத்தில் கட்சியின் தேசியக் குழு கூடியது. இத்தனை வருஷம் கழித்து ஒரு முடிவெடுத்தார்கள். அரிவாள் சுத்தியலைப் பார்த்து ஜனங்கள் இதைக் கம்யூனிஸ்ட் கட்சி என்று நினைத்துவிடுகிறார்கள். நாங்கள் நேதாஜி வழி சோஷலிஸ்டுகள். ஆகவே அரிவாளும் சுத்தியலும் வெளியே. கட்சிக்குள்ளேயே பலருக்கு அது பொறுக்கவில்லை; எதிர்ப்பும் கிளம்பியது. 1935-ல் புத்தகத்தில் தொடங்கிய வாய்த்தகராறு 87 வருஷம் கழித்துத் தையல்காரர் கத்திரிக்கோலுக்கு வந்து நின்றது. செந்துணி அப்படியே இருந்தது. அதில் புலி மட்டும், தனியாகப் பாய்ந்துகொண்டு.

அக்டோபர் கடைசி வாரம். தேவர் குருபூஜைக்குப் பசும்பொன் போகிற ஒரு வேன், இரணியம்மன் கோவில் எதிரில் ஓரங்கட்டியது. டிரைவர் இறங்கிக் கற்பூரம் காட்டினார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்பக்கக் கண்ணாடிக்கு இரண்டு புறமும் கொடிக்கம்பு. வலது புறக் கொடி புதுசு, மடிப்புகூடக் கலையவில்லை, புலி மட்டும். இடது புறத்தில் இருந்தது பழைய கொடி, வெயிலில் காவியேறி நூல் பிரிந்தது. புலியின் பக்கத்தில் அரிவாளும் சுத்தியலும் மங்கலாகத் தெரிந்தன. யாரும் அதை மாற்ற மெனக்கெடவில்லை. பழம் நசுங்க வேன் நகர்ந்தது.

வண்டலூர் சிக்னலில் ஸ்கூட்டரின் முன்னால் நின்றிருந்த ஒரு பையன் கையை நீட்டி, "அம்மா, புலி!" என்றான். அவள் வேனைப் பார்க்கவில்லை. பூங்கா வாசலைப் பார்த்து, "அது உள்ளதான் இருக்கும்டா, ஞாயித்துக்கிழமை போலாம்" என்றாள். பச்சை விழுந்தது. இரண்டு கொடியும் படபடக்க வேன் கிளாம்பாக்கம் பக்கம் போய்விட்டது.